எப்போதாவது நிற்கும் வண்டி

திங்கட்கிழமை காலையில் வீட்டுக் கொல்லையில் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு நிற்பேன். கிழக்கே போகும் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு வரும். மூன்றாவது பெட்டியின் ஜன்னலிலிருந்து என் அக்கா வடிவு கையை ஆட்டுவாள். நானும் வேப்பங்குச்சியோடு கையை ஆட்டுவேன்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு எங்களுக்கு அடுத்த வீடு. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் இதே கொல்லை வழியாகத்தான் அவள் புறப்பட்டுப் போயிருப்பாள். தண்டவாளத்தோடு மேற்கே மூன்று மைல் நடந்து, ஆழ்வார்குறிச்சி ஸ்டேஷனில் வண்டி ஏறி, அந்த வண்டியிலேயே மறுபடியும் தன் வீட்டுக் கொல்லையைத் தாண்டிக் கிழக்கே போவாள். எங்கள் ஊரில் வண்டி நிற்காது. கிழக்கே அம்பாசமுத்திரம் இன்னும் தூரம், அதை விட்டால் ஆழ்வார்குறிச்சியில்தான் ஸ்டேஷன். நடுவில் நாங்கள் இருக்கிறோம் என்பதே எஞ்சினுக்குத் தெரியாது.

அக்கா போவது பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு. அத்தான் கொழும்பில் இருந்தார். அவளுக்கு ஒரு வருஷமாகக் காய்ச்சல். இன்று குளிர் வந்து தூக்கிப் போடும். நாளை ஒன்றுமே நடக்காதது போல எழுந்து மாவு இடிப்பாள். மறுநாள் மறுபடியும் குளிர். திங்கள்தோறும் போய் மருந்து வாங்கினால்தான் அந்த வாரம் ஓடும்.

நடக்கிற வழியில் ஓர் ஓடைப் பாலம் உண்டு. பலகை கிடையாது. கட்டைக்குக் கட்டை கால் வைத்துத் தாண்ட வேண்டும், கீழே பாறை. ஒரு திங்கட்கிழமை நடுப்பாலத்தில் அக்காவுக்குக் குளிர் வந்துவிட்டது. தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வெற்றிலைக் கட்டோடு வந்த ஆள் அவளைத் தூக்கி அக்கரையில் விட்டான். கால் மணி நேரம் கழித்துக் கிழக்கேயிருந்து வேறொரு வண்டி அந்தப் பாலத்தில் வந்தது.

அன்றுதான் ஊர் முழுவதும், “இங்கன வண்டி நிக்கணும்” என்று முதல் தடவையாகச் சத்தமாகச் சொன்னது.

வார்த்தை பொறுக்கிய கதை

நான் பாளையங்கோட்டையில் நாலாவது பாரம் வரை படித்துவிட்டு நின்றுவிட்டவன். நின்ற காரணத்தை இந்தப் பத்திரிகையின் போன இதழ்களில் சொல்லி முடித்துவிட்டேன். ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுதுவேன், படிப்பேன். பேச மட்டும் வராது. தமிழிலேயே நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. பள்ளிக்கூடத்தில் என் வாத்தியார் வருஷக் கடைசியில் எழுதிய குறிப்பிலேயே, “அக்கேஷனலாகப் பேசுகிறான்” என்றுதான் எழுதியிருந்தார். எப்போதாவது பேசுகிறான் என்று அர்த்தம்.

அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப்போயிற்று. நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். அதற்குத் துணையாக இன்னும் சில வந்து சேர்ந்தன. அக்காவின் மருந்துச் சீட்டில் டாக்டர் காய்ச்சலுக்கு முன்னால் ‘இன்டர்மிட்டன்ட்’ என்று எழுதியிருந்தார். விட்டு விட்டு வருவது. வாந்திபேதி பற்றிச் சாவடிச் சுவரில் ஒட்டிய நோட்டீஸில் ‘ஸ்போராடிக்’ என்று கண்டேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக வருவது. கடைச் சரக்கைச் சுற்றி வந்த ஒரு காகிதத்தில் ‘நௌ அண்ட் தென்’ கிடைத்தது. அதைப் படித்த அன்று உப்பை மறந்துவிட்டுக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

என்ன சந்தோஷம் என்று இப்போது சொன்னால் புரியுமோ என்னவோ. நினைத்தபோது வருகிற ஒன்றுக்கு, வருகிற தினுசைப் பார்த்துப் பார்த்து இத்தனை பெயர் வைத்திருக்கிறார்களே! நம்மிடம் மட்டும் குறைவா? இடைக்கிடை, அவ்வப்போது, அத்தி பூத்தாற்போல் என்று எதிர்ப்பக்கத்தில் எழுதிக்கொண்டே போவேன். வயல் வரப்பில் நடக்கும்போது ஒரு வார்த்தையை வாயில் போட்டு, கற்கண்டு மாதிரி அதக்கிக்கொண்டே போவேன். யாராவது எதிரே வந்தால் விழுங்கிவிடுவேன்.

பகலில் மீரான் அண்ணாச்சிக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. அவர் வெற்றிலை வியாபாரி. எங்கள் ஊர்க் கொடிக்கால் வெற்றிலையைக் கட்டிக் கட்டித் திருநெல்வேலிக்கு அனுப்புவார். தலைச்சுமையாக மூன்று மைல் வெயிலில் போகிற வெற்றிலை வாடும். வாடிய வெற்றிலையைக் கண்டால் அவர் முகமும் வாடும்.

“வே சங்கரலிங்கம், ரயில் கம்பெனிக்கு ஒரு மனு எழுதும்வே. நல்ல நல்ல வார்த்தையாப் போட்டு எழுதும். உம்ம நோட்டுல பூட்டி வச்சிருக்கீரே, அதுல ரெண்டை வெளிய எடுத்து விடும்!”

எழுதினேன். கையெழுத்தும் கைநாட்டுமாக நான்கு பக்கம் போயிற்று.

துரை வருகிறார்

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. துரை ஒருவர் இன்ன நாளில் தண்டவாளத்தில் தள்ளுவண்டியில் வந்து பார்வையிடுவார். அவர் நிரப்பப் போகிற பாரத்தின் நகலும் கூடவே இருந்தது. அதில் ஒரு கேள்வி: இந்த இடத்தில் பிரயாணிகள் வருவது எப்படி? கீழே நான்கு வார்த்தைகள். டெய்லி, ஃப்ரீக்வென்ட், அக்கேஷனல், ரேர். வேண்டாத மூன்றை அடித்துவிட்டு ஒன்றை விட வேண்டும்.

எனக்கு ஒரே பரபரப்பு. என் நோட்டுப் புத்தகமே அச்சாகி வந்தது போல இருந்தது.

சாவடியில் கூட்டம் போட்டார்கள். கிராம முன்சீப் ஆவுடையப்ப பிள்ளை நடுவில் உட்கார்ந்தார். நான் வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். தினமும், அடிக்கடி, எப்போதாவது, அபூர்வமாக.

“தினமும்னு எழுத வைக்கணும். அவ்வளவுதானலே?” என்றார் முன்சீப். “அதுக்கு ஆள் வேணும். ஊரையே கொண்டாந்து நிறுத்துவோம். துரை கண்ணு கூசிப் போயிரணும்!”

“மேளம் வைப்போம்” என்றது ஒரு குரல்.

“வாழை கட்டுவோம்.”

“பெண்டுகள் ஆலத்தி எடுக்கட்டும். நம்ம ஊருக்கு ஒருத்தன் வந்து, சும்மா போனான்னு பேர் வரலாமா?”

துரை கேட்கிறது கூட்டம் எவ்வளவு என்றல்லவே, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்றல்லவா கேட்கிறார்? மேளத்தையும் வாழையையும் பார்த்தால் அவர் என்ன நினைப்பார்? எனக்குத் தெரிந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். எல்லாரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

“என்னலே சங்கரா?” என்றார் முன்சீப்.

“ஒண்ணுமில்ல பெரியப்பா” என்றேன்.

அந்த ஒரு ‘ஒண்ணுமில்ல’வுக்காக இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

குறித்த நாள் வந்தது. ரயில் கேட்டின் இரு பக்கமும் குலை தள்ளிய வாழை. தோரணம். நாதஸ்வரக்காரர் காலையிலிருந்தே ஊதிக் கன்னம் சிவந்திருந்தார். பெட்டியில் பாச்சை உருண்டை வாசத்தோடு கிடந்த பட்டுகள் எல்லாம் அன்று வெயிலுக்கு வந்தன. பிறந்து பத்து நாள் ஆன பிள்ளையைக்கூடத் தூக்கி வந்திருந்தார்கள். அக்காவும் வந்திருந்தாள், அன்று காய்ச்சல் இல்லாத நாள்.

தூரத்தில் தொப்பி தெரிந்தது. நான்கு பேர் தள்ள, குடைக்குக் கீழே உட்கார்ந்து துரை வந்தார். மேளம் பொழிந்தது. மாலை விழுந்தது. துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அரைகுறைத் தமிழில், “என்ன திருவிளா?” என்று கேட்டார்.

முன்சீப் கை கூப்பினார். “துரை வந்ததுதான் எங்களுக்குத் திருவிழா! இந்த மாதிரிக் கூட்டம் இந்த ஊர்ல கூடினதே இல்ல!”

துரை தலையாட்டினார். ஒரு இளநீர் குடித்தார். பாரத்தை முழங்காலில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு கோடு. இரண்டாவது கோடு. மூன்றாவது கோடு.

மிச்சம் இருந்தது ‘அக்கேஷனல்’.

தள்ளுவண்டிக்குப் பின்னால்

தள்ளுவண்டி மேற்கே நகர்ந்தது. மீரான் அண்ணாச்சி என் தோளைப் பிடித்து உலுக்கினார். “என்னவே எழுதினான்? தினமும்னு போட்டானா?”

“எப்பவாவதுன்னு போட்டுட்டாரு அண்ணாச்சி. திருவிழாக் கூட்டம்னு நினைச்சுட்டாரு.”

நாதஸ்வரம் நின்றுவிட்டது.

“கெடுத்தீரே ஓய்!” என்று யாரோ முன்சீப்பைப் பார்த்துச் சொன்னார்கள். “மேளம் வைக்கச் சொன்னது நீருதானவே!” என்று அவர் திருப்பினார். வாழை கட்டியவனை மேளம் வைத்தவன் திட்டினான். ஆலத்தித் தட்டோடு நின்ற பெண்கள் ஆண்களை மொத்தமாகத் திட்டினார்கள். அக்கா மட்டும் பாலம் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான். என் கால் ஓட ஆரம்பித்துவிட்டது.

சரளைக் கல் உள்ளங்காலைக் குத்தியது. வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லை. ஒரு கையில் பிடித்துக்கொண்டே ஓடினேன். பாலத்துக்கு முன்னால் பாதை மேடு ஏறும். அங்கே தள்ளுகிறவர்களுக்கு மூச்சு வாங்கியது. எட்டிப் பிடித்தேன்.

“சார்!” என்றேன்.

துரை திரும்பினார். நான் சேர்த்து வைத்த அத்தனை வார்த்தையும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து முட்டிக்கொண்டன. வண்டி நகர்ந்துகொண்டே இருந்தது, நானும் கூடவே ஓடிக்கொண்டே இருந்தேன்.

“சார்! அனதர் டே! கம்! நோ மேளம்!”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “நோ மேளம்?” என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பாலத்தின் மேல் சடசடவென்று சத்தம் எழுப்பிக்கொண்டு வண்டி போய்விட்டது.

நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் குனிந்து நின்று மூச்சு வாங்கினேன். நெஞ்சு அடித்துக்கொண்டதே, அது ஓடியதால் மட்டும் அல்ல. முன்பின் தெரியாத ஒரு மனிதனோடு நான் இங்கிலீஷில் பேசிவிட்டேன்!

இரண்டு மூன்று வாரம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் வீட்டுக்குள் வந்தாள்.

“ஏலே, உன் துரை இன்னைக்குப் பாலத்துல நிக்கான்லே!”

“எங்கன?”

“எங்கனயா? பாலத்துலதான்! நாங்க ஒம்பது பேரு கட்டை கட்டையாத் தாண்டிக்கிட்டு இருக்கோம். முன்னால வெத்திலைக் கட்டு, பின்னால பிள்ளைத்தாச்சி ஒருத்தி. எதிர்த்தாப்ல அவன் தள்ளுவண்டி. எங்களைக் கண்டதும் கையத் தூக்கி நிறுத்திட்டான். நாங்க பையப் பையத் தாண்டி முடிக்கிற வரைக்கும் நின்னான். அப்புறம் என்னைப் பார்த்து, ‘தினமுமா?’ன்னு கேட்டான்.”

“நீ என்ன சொன்னே?”

“நான் திங்கக்கிழமை, வேற ஆளுக செவ்வாக்கிழமை, வெத்திலை தினமும்னேன். மழை வந்தாலும் நடப்பியளான்னான். நடக்காம பறக்கவா செய்வோம்னேன். எழுதிக்கிட்டான்.”

மடையில் நிற்கிற முறை

உத்தரவு வந்தது. முன்சீப் வீட்டு வாசலில் நின்று நான் படித்தேன். காலையில் ஒரு வண்டி, மாலையில் ஒரு வண்டி எங்கள் ஊர்க் கேட்டில் நிற்கும். ஆனால் ஆறு மாதம் பரீட்சை பார்ப்பதற்குத்தான். அதுவும், கேட்டில் ஆள் நின்றால் மட்டும் கேட்காரர் கொடி காட்டுவார். கொடி கண்டால் வண்டி நிற்கும். ஆள் இல்லாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். நிற்கிற நாள் குறைந்தால் ஏற்பாடு ரத்து. அந்த உத்தரவிலும் அந்த வார்த்தை இருந்தது: அக்கேஷனல்.

“அதாவது, எப்பவாவது நிக்கும்” என்றேன்.

“எப்பவாவதா?” முன்சீப் மீசையைத் தடவினார். “எப்பவாவதுன்னா என்னலே அர்த்தம்? நாம நிறுத்தினா நிக்கும், விட்டா போயிரும். தண்ணி மாதிரிதானே?”

இந்த இடத்தில் எங்கள் ஊர்த் தண்ணீர் முறையைச் சொல்ல வேண்டும். தாமிரபரணிக் கால்வாயின் கிளை ஒன்று எங்கள் வயலுக்கு வருகிறது. ஒவ்வொரு வயலுக்கும் இத்தனை நாழிகை என்று முறை. முறை வந்தால் மடையில் அந்த வீட்டு ஆள் நிற்க வேண்டும். மழை பெய்து வயல் நிரம்பி வழிந்தாலும் மண்வெட்டியோடு போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், ‘இவனுக்குத் தண்ணீர் வேண்டாம் போலிருக்கிறது’ என்று அடுத்தவன் முறையைக் கேட்பான். அதனால் கொட்டுகிற மழையில், வேண்டாத தண்ணீருக்குக் காவலாக, ஓலைக் குடையோடு ஆட்கள் மடை மடையாக நிற்பதை எங்கள் பக்கத்தில் பார்க்கலாம்.

“அப்ப வண்டிக்கும் முறை போட்டுருவோம்!” என்றார் முன்சீப்.

போட்டார்கள். தினம் ஒரு வீடு. போகிற வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வீட்டிலிருந்து ஒருவர் காலையில் கேட்டில் நிற்க வேண்டும். வண்டி ஏறி அம்பாசமுத்திரத்தில் இறங்கி நடந்து திரும்ப வேண்டும். தண்ணீர் முறையில் எப்போதும் கடைசியாக வருகிற கீழத்தெருக்காரர்கள், வண்டி முறையில் முதலில் வந்து பெயர் கொடுத்தார்கள். வண்டியில் எல்லாத் தெருவுக்கும் ஒரே பலகைதான். முன்சீப் அதைக் கவனித்தார், இருமினார், எழுதிக்கொண்டார்.

அந்த ஆறு மாதம் ஊரே திருவிழாக் கோலம். “இன்னைக்கு யாரு முறை?” என்பதுதான் காலையில் முதல் பேச்சு. ஒருவர் தூங்கிப்போய்த் திருநெல்வேலியில் விழித்தார். வந்ததே வந்தோம் என்று நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு மறுநாள் திரும்பினார். ஒருவர் ஆட்டுக்குட்டியோடு ஏறி, கார்டோடு சண்டை போட்டார். அறுபது வயது வரை ரயில் ஏறாத ஒரு ஆச்சி, தன் முறை முடிந்து திரும்பியதும், “இவ்வளவுதானா? நான் ஆகாசத்துல போகும்னுல்லா நினைச்சேன்!” என்றாள். அடுத்த வாரமே பக்கத்து வீட்டு முறையைத் தனக்குக் கேட்டாள்.

அக்கா தன் கொல்லைக்கு எதிரிலேயே வண்டி ஏறினாள்.

எங்கள் வீட்டு நாள்

பரீட்சை முடிய ஒரு வாரம்தான் மிச்சம். ஐப்பசி மழை. எங்கள் வீட்டு முறை. என் கையில்தான் இருந்தது.

முதல் நாள் மாலை கொடிக்காலில் தண்ணீர் தேங்கிவிட்டது என்று மீரான் அண்ணாச்சி கூப்பிட்டார். நான் அங்கேயே தங்கி, விடிந்ததும் நேராகக் கேட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். விழித்தபோது மழை இருட்டில் நேரம் தெரியவில்லை. அண்ணாச்சியைக் காணோம். மேற்கே வண்டி ஊதுகிற சத்தம் கேட்டது.

ஓடினேன். வரப்பு வழுக்கி ஒரு தடவை சேற்றில் விழுந்து எழுந்தேன். இந்த மழையில் அக்காகூடக் கிளம்ப மாட்டாளே, வேறு யார் வருவார்கள்? நான் நிற்காவிட்டால் கேட்டில் யாரும் இல்லை. கடைசி வாரத்தில் ஒரு நாள் நிற்காமல் போய்விட்டது என்று எழுதிவிடுவார்களே! அக்கா மறுபடியும் பாலத்தில் நடப்பாளே! என்னால் அல்லவா!

பாதி வயல் தாண்டும்போது எஞ்சின் தெரிந்தது. மழைக்குள் புகை தரையோடு படிந்து வந்தது. வேகம் குறையவில்லை. எஞ்சின் கேட்டைத் தாண்டியது. “போச்சு!” என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

முதல் பெட்டி தாண்டியது. பிறகு இரும்பு உரசுகிற கிரீச். இரண்டாவது பெட்டி மெதுவாயிற்று. மூன்றாவது பெட்டி நின்றது.

யார் நிறுத்தினார்கள்?

கேட்டை அடைந்தபோது கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஓலைக் குடையும் தலையில் கவிழ்த்த சாக்குக் கொங்காணியுமாக இருபது இருபத்தைந்து பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். வெற்றிலைக் கட்டுகள் ஏறின. அம்பாசமுத்திரம் சந்தைக்கு இரண்டு கோழிக் கூடை ஏறியது. பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிறவர், பேறுகாலத்துக்குத் தாய் வீடு போகிற பெண். ஒருவர்கூட முறைக்காக வந்தவர் அல்ல.

பெட்டி வாசலில் நின்ற மீரான் அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

“ஏய், முறைக்காரர் வந்துட்டாருவே! இடம் விடுங்க, இடம் விடுங்க!”

பெட்டி முழுக்கச் சிரிப்பு. ஜன்னலோரம் நின்ற அக்கா தலையை நீட்டினாள். “எதுக்குலே இப்படிச் சேறும் சகதியுமா ஓடி வார? உன்னைய யாரு கூப்பிட்டா?”

“இன்னைக்கு எங்க முறைக்கா.”

“நல்ல முறை! போ, தலையத் துவட்டு. எனக்கே நிக்க இடமில்ல, இந்த மூதி வேற!”

நான் படியில் கால் வைக்கப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒரு கோழிக் கூடை என்னை வெளியே தள்ளியது. கார்டு விசில் ஊதினார். வண்டி நகர்ந்துவிட்டது.

கேட்டில் நானும் கேட்காரரும் மட்டும் மிஞ்சினோம். அவர் நனைந்த கொடியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

“நீங்க எந்த ஊருக்குப் போகணும்?”

“எந்த ஊருக்கும் இல்ல” என்றேன்.

“அப்பம் வீட்டுக்குப் போங்க” என்று கொடியைச் சுருட்டினார்.